சுவரொட்டியில் ஒரு கண்டிக் கடை

1985 மார்ச் 12, செவ்வாய். பாரிஸ். புதுச்சேரியிலிருந்து வந்து தங்கை வீட்டில் தங்கியிருக்கிறேன். சவரம், காபி, சட்டைக்கு இஸ்திரி முடித்து, காய்கறி வாங்க, இலங்கைத் தமிழர்கள் கூடும் லா ஷாப்பேல் பகுதிக்கு வருகிறேன்.

பயண முகவர் ஒருவரின் கடைக் கண்ணாடிக்குள் பெரிய சுவரொட்டி. "கவலையற்ற தீவு இலங்கை, கலைகளின் மலைநகரம் கண்டி" என்று பிரெஞ்சில் அச்சிட்டிருக்கிறார்கள். படத்தில் நடனக்காரர்கள் கண்டித் தெருவில் ஆடுகிறார்கள். கவலையற்ற தீவாம்! அங்கிருந்து உயிர் தப்பியவர்கள்தான் இந்தத் தெரு முழுக்க நடக்கிறார்கள்.

பக்கத்தில் நிற்கும் இலங்கைத் தமிழர் ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார்.

"அண்ணை, ஆடுறவைக்குப் பின்னாலை போர்டு தெரியுதெல்லே? என்ரை பேர்தான். என்ரை புடவைக்கடை. எண்பத்திமூண்டு கலவரத்திலை எரிச்சுப்போட்டாங்கள்."

"படம் அதுக்கு முன்னாடி எடுத்ததா?"

"ஓம். கடைப் பத்திரமெல்லாம் சாம்பல். அகதி விசாரணையிலை காட்ட இது ஒண்டுதான் மிச்சம். கேட்டன், தரமாட்டினமாம். படத்திலையும் எங்களைப் பின்னுக்குத்தான் விட்டிருக்கினம், பாருங்கோ."

உள்ளே போய் நானும் கேட்கிறேன். சுவரொட்டி வாடிக்கையாளர்களுக்காக, அகதிகளுக்காக அல்ல என்கிறார் முகவர். அடுத்த மூச்சில், "கண்டிக்கு ஏப்ரலில் இடம் இருக்கிறது, மிக அமைதியான ஊர்" என்று எனக்கு நாற்காலி போடுகிறார். எரிக்கப்பட்ட கடையைக் காட்டி இவர் பயணச்சீட்டு விற்கலாம். கடைக்காரர் அதைக் காட்டி உயிர் பிழைக்கக் கூடாது! உட்காராமல் வெளியே வருகிறேன்.

புதன் காலை முதல் வேலையாக, முகவர் வருவதற்கு முன், கடைக்காரரை வரச்சொல்லிக் கண்ணாடியோரம் நிறுத்தி, அவர் முகமும் சுவரொட்டியில் உள்ள போர்டும் ஒன்றாக விழும்படி, தங்கை வீட்டுக் கேமராவில் அகதி விசாரணைக்கு இரண்டு படம் எடுக்கிறேன்.