ஒன்பது வருஷம் கழித்துப் போட்ட கோடி

கலைமதியை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளே அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். துவாக்குடியில் காலேஜ் பிள்ளைகள் தங்கும் விடுதியில் சமையல் வேலை. கையும் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பக்கத்து வீடு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் லக்ஷ்மணன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். கூடப் பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து தோளில் போடுவான். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம். அவள் அண்ணன் தர்மராஜ் உறையூரில்தான் இருந்தான். வரவில்லை. தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவளுக்குக் கோடி ஒரு கேடா என்று சொல்லி அனுப்பினான், பாவி. ஊரே பார்க்க அவள் காத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் என் பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்துப்போய் நான்தான் போட்டுவிட்டேன்.

"இதுக்கு அவன் அனுபவிப்பான்கா" என்றாள். அழவில்லை.

போன வருஷம் தர்மராஜுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவன் மனைவி வள்ளிக்கண்ணு போனில் அழுதாள். கலைமதி மறுநாளே போய் நின்றாள். தங்கச்சிப் பாசம் என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள். மண்ணாங்கட்டிப் பாசம். அவன் வாடி விழுவதைக் கிட்ட இருந்து பார்க்கத்தான் போனாள். என்னிடம் சொல்லிவிட்டே போனாள்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே, நோயாளியைத் தவிர ஊருக்கெல்லாம் நோயின் பெயர் தெரியும். தர்மராஜிடம் ஈரலில் வீக்கம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவனும் தை மாசத்துக்குள் எழுந்துவிடுவேன் என்று எல்லோரையும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான்.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹபீபுல்லா வீட்டாரைத் தனியே அழைத்து ரத்த ரிப்போர்ட்டை விளக்கினார். வெள்ளை அணுக்களில் இரண்டு வகையை எண்ணி, ஒன்றை மற்றதால் வகுக்கிறார்கள். வரும் எண் கூடினால் உடம்புக்குள் அழற்சி கூடியிருக்கிறது. இந்த நோயில் அப்படிக் கூடியவர்கள் பெரும்பாலும் அதிக நாள் இருப்பதில்லை. அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னார். கலைமதி முன்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அவளே போய் வாங்கினாள். மூன்று, மூன்றரை என்றே வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் எட்டு வந்தது.

டாக்டரைப் பார்க்கக்கூட அவள் நிற்கவில்லை. என்னையும் வரச் சொல்லி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சேலை எடுத்துக்கொண்டு, நேராக உறையூருக்கு இழுத்துப் போனாள். கட்டிலில் கிடந்தவன் மடியில் அதை வைத்தாள்.

"எனக்குப் போட வேண்டிய கோடி. இப்பவே போடு."

தர்மராஜ் சிரித்து மழுப்பினான். உடம்பு தேறட்டும், முறைப்படி செய்கிறேன் என்றான்.

"தேறாது. உனக்கு வந்திருக்கறது கேன்சர். போறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போ."

வள்ளிக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு கட்டுப்போட்ட காலைத் தூக்கியபடி எழுந்து, சேலையைப் பிரித்துத் தங்கையின் தோளில் போட்டான். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் கால்தான் எங்களை ஏமாற்றியது. முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. எண் ஏறியது அதனால் என்று டாக்டர் பிறகு சொன்னார். புண் ஆறியதும் மூன்றுக்கு இறங்கிவிட்டது. ஈரலில் இருக்கும் கட்டிக்குக் கொடுக்கும் மருந்தும் கேட்கிறது, இன்னும் நாள் இருக்கிறது என்றார். கலைமதி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் தர்மராஜே போன் பண்ணினான்.

"அடுத்த டெஸ்டுக்கும் நீயே வா, கலை. இங்க எல்லாரும் பொய் சொல்றாங்க."

"வரேன். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத."

போகிறாள். மாசம் தவறாமல் ரிப்போர்ட்டை வாங்கி, அவன் முகத்துக்கு நேரே எண்ணைப் படிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடிச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போகிறாள்.