கன்னியம்மாளாக இருந்த ஒரு வாரம்

ஊமத்தை இலையைக் கரியோடு சேர்த்து அம்மியில் அரைத்தால் ஒரு நெடி கிளம்பும். பச்சையும் கசப்புமாகத் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு அரை நாளைக்குப் போகாது. கொரட்டூரில் நான் படித்த தொடக்கப் பள்ளியில் அந்த நெடி வருஷத்துக்கு ஒரு முறைதான் அடிக்கும், அடித்தால் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று அர்த்தம். வெளுத்துப்போன கரும்பலகைகளுக்கெல்லாம் அந்தச் சாந்தைப் பூசி வெயிலில் சாய்த்து வைப்பார்கள். எங்களுக்கும் அதேபோல ஒரு பூச்சு உண்டு. நகம் வெட்டுவது, பேன் பார்ப்பது, பதில்களை மனப்பாடம் செய்வது என்று அந்த ஒரு வாரம் முழுக்கப் பள்ளிக்கூடமே ஒரு இடத்தில் நிற்காது. அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

நான் சும்மாவே ஒரு இடத்தில் நிற்காதவள். "காலுல சக்கரத்தக் கட்டிகினு பொறந்துகீது" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் சொல்லுவாள். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடும், காலை நிறுத்தினால் கை எதையாவது நோண்டும், கையையும் கட்டச் சொன்னால் வாய் ஆரம்பித்துவிடும். இந்த அவஸ்தையைப் புரிந்துகொண்டு என்னை அடிக்காமல் வைத்துக்கொண்ட ஒரே ஆள் மூன்றாம் வகுப்பு சுலோச்சனா டீச்சர்தான். அவரிடம் படித்த வருஷம், என் கால் ஆட ஆரம்பித்ததைப் பார்த்தாலே, "வசந்தா, போய் ஒரு குடம் தண்ணி மொண்டுகினு வா" என்று கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார். பானை நிறைந்து வழிந்தாலும் அனுப்புவார். அம்பத்தூரிலிருந்து ரயிலில் வருகிற ஒல்லியான, சின்ன வயசு டீச்சர். அவர் சம்பளத்தில்தான் மூன்று தம்பி தங்கைகள் சாப்பிடுகிறார்கள் என்று அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை, தலைமை ஆசிரியரான 'பெரிய சார்' எங்கள் வகுப்புக்கு வந்து, உயரம் குறைந்தவர்களாகப் பார்த்து ஆறு பேரை வெளியே அழைத்தார். கட்டைக் குட்டையாக இருந்த நானும் அதில் ஒருத்தி. மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள், வருவதோ முப்பத்து நாலு பேர்தான். மீதி ஆறு பேர் வேலை வெட்டி என்று நின்றுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து தலையை எண்ணும்போது நாற்பது இல்லையென்றால் அந்த வகுப்பை இன்னொன்றோடு சேர்த்துவிட்டு, சுலோச்சனா டீச்சரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பை அவர் பார்த்து முடித்ததும் நாங்கள் ஆறு பேரும் கொல்லைப் பக்கமாக ஓடி, மூன்றாம் வகுப்புக் கொட்டகையின் பின்வாசல் வழியாக நுழைந்து, வராத அந்த ஆறு பேராக உட்கார வேண்டும். "வெளிய மூச்சு விட்டீங்க, தோல உரிச்சிடுவேன்" என்று பெரிய சார் முடித்தார். எனக்குக் கொடுக்கப்பட்ட பெயர் கன்னியம்மாள்.

அப்பப்பா, எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! டீச்சரைக் காப்பாற்றுகிற வேலை. அதுவும் உட்கார்ந்து படிக்கிற வேலை இல்லை, ஓடி ஒளிந்து செய்கிற வேலை. அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ஆனால் அது லேசான வேலையாக இல்லை. இன்னொருத்தி பெயரைக் கூப்பிட்டால் எழுந்திருப்பதைவிட, தன் பெயரைக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது கஷ்டம் என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. பெரிய சார் பின்னால் பூனைபோல வந்து "வசந்தா!" என்று கத்துவார், நான் துள்ளித் திரும்புவேன், காது சிவக்கத் திருகுவார். மூன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு இது பெரிய வேடிக்கையாகிப்போய், ஒண்ணுக்கு விடும் நேரத்திலெல்லாம் மூலைக்கு மூலை நின்று என் பெயரைக் கூவினார்கள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நான் தேறிவிட்டேன். எவ்வளவு தேறினேன் என்றால், வீட்டில் அம்மா மூன்று தரம் கூப்பிட்டும் திரும்பாமல் நின்று, "செவுடாடி நீ?" என்று முதுகில் ஒன்று வாங்கினேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கன்னியம்மாள் வாயில்லாப் பூச்சி என்று டீச்சர் சொன்னார். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பாளாம். "நீ அவளாட்டம் கம்முனு குந்தணும் வசந்தா, அது போதும்" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார். அவரும் அந்த வாரம் முழுக்க நிலைகொள்ளாமல்தான் இருந்தார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினார்.

கன்னியம்மாள் எப்படி உட்காருவாள் என்று அவளையே போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஏரிக்கரைக்கு ஓடினேன். கரைக்குக் கீழே நாலைந்து குடிசைகள். அதில் கடைசிக் குடிசை வாசலில், எட்டு வயசுப் பெண் ஒருத்தி, தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பக்கத்து ஊரான பாடியில் கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு தொழிற்சாலைக்குக் கல் சுமக்கப் போய்விட்டதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவள் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். நான் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல அவள் அப்பா பெயர், அம்மா பெயர், மாரியம்மன் கோவிலுக்கு எந்தப் பக்கம் வீடு என்று எல்லாவற்றையும் கறந்துகொண்டேன். அவள் பேசும்போது வலது கால் கட்டைவிரலால் இடது குதிகாலைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். "உம் பேர இன்னும் தெனமும் கூப்புடுறாங்கடி" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவள் சொறிவதை நிறுத்திவிட்டாள். "எம் பேரா? அடிக்கலியா? இன்னுமா கீது?" என்று கேட்டாள். பள்ளிக்கு வராவிட்டால் மறுநாளே பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "அப்ப நான் வரலாமாக்கா?"

"வாயேன், யாரு வேணான்னா? நாளைக்கி இன்ஸ்பெக்டர் வேற வராரு" என்றேன். நான் சொன்னதை நானே கவனிக்கவில்லை. அரக்கோணம் ரயில் வருகிற சத்தம் கேட்டது, அதைப் பார்க்கக் கரைமேல் ஏறி ஓடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் திட்டப்படி நடந்தது. எங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் பெரிய சார் அறையில் இளநீர் குடித்த இடைவெளியில், நாங்கள் ஆறு பேரும் கொல்லை வழியாக ஓடி மூன்றாம் வகுப்புக்குள் புகுந்துகொண்டோம். எனக்குக் கடைசி பெஞ்சு, பின்வாசலுக்குப் பக்கம். இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டைத் தானே வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். ஒவ்வொரு பெயருக்கும் தலையைத் தூக்கி ஆளைப் பார்த்தார். பையன்கள் முடிந்து பெண்களுக்கு வந்தபோது முன்வாசலில் நிழல் தட்டியது.

கன்னியம்மாள் நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வாரி, கறுப்பு நாடா வைத்துப் பின்னி, தோய்த்த பாவாடை கட்டியிருந்தாள். ஒரு கையில் கோவை இலை போட்டுத் தேய்த்துக் கழுவிய சிலேட்டு, இடுப்பில் பாப்பா. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், வலது கால் கட்டைவிரலால் இடது குதிகாலைச் சொறிந்துகொண்டு நின்றாள். அவள் பெயர் வர இன்னும் நாலைந்து பெயர்கள் இருந்தன. டீச்சரைப் பார்த்தேன். அவர் நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்தார்.

"கன்னியம்மாள்."

"உள்ளேன் ஐயா!" என்று நான் எழுந்து நின்றேன். "உள்ளேன் ஐயா" என்று வாசலிலிருந்தும் ஒரு குரல் வந்தது.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "இதென்ன, யாரம்மா கன்னியம்மாள்?" என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் பதில் சொல்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "நான்தான் சார்! எங்கப்பா பேரு மாரி, எங்கம்மா பேரு பச்சையம்மா, எங்க ஊடு ஏரிக்கரையில மாரியம்மன் கோயிலுக்கு அந்தாண்ட கீது சார்! அது எங்க தெருப் பொண்ணு, புள்ளையத் தூக்கிகினு சும்மா வேடிக்க பாக்க வந்துகீது சார்!" முந்தின நாள் கறந்ததையெல்லாம் ஒரே மூச்சில், ஒரு பிசகு இல்லாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே என் வலது கால் கட்டைவிரலால் இடது குதிகாலை வேறு சொறிந்தேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "நல்ல சூட்டிகையான பெண்" என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து, "நீ போம்மா, பாப்பா அழப்போகுது" என்றார். கன்னியம்மாள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, புரியாத கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு பாப்பாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நாற்பது தலை சரியாக இருந்தது, டீச்சர் வேலை பிழைத்தது. பெரிய சார் முதல் முறையாக என் காதைத் திருகாமல் கன்னத்தைத் தட்டி, முழுசாக ஒரு புதுப் பென்சில் கொடுத்தார். சுலோச்சனா டீச்சர் மட்டும் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை அவர் ஏரிக்கரைக் குடிசைக்குப் போனாராம். கன்னியம்மாள் வெளியே வரவே இல்லையாம். அதற்குப் பிறகு அவள் பள்ளிப் பக்கம் வரவில்லை. ஆனால் பதிவேட்டில் மட்டும் தவறாமல் வந்து, நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பாஸ் செய்துவிட்டாள்.

எனக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. இருந்தாலும் அந்த உறுத்தலுக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது: அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் டீச்சர் நடுத்தெருவுக்கு வந்திருப்பார். கல்யாணமான வீட்டிலும், வேலை பார்த்த ஆபீஸிலும், பெற்ற பிள்ளைகளிடமும் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. பெரிய சார் காலத்துக்குப் பிறகு மூடி, பதிவேடுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டு, அந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். கிணறு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஏரி இருக்கிறது, கரையோரக் குடிசைகள் இல்லை. ஊமத்தை இலை என்றால் என் பேத்திக்கு என்னவென்றே தெரியாது.

போன தை மாசம் பாடி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். நின்றேன் என்று சொல்வது தப்பு. வழக்கம்போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். "நீ வசந்தாக்கா இல்ல?" என்று ஒரு நரைத்த தலை கேட்டது. கன்னியம்மாள்! இப்போது காட்டுப்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாளாம். பக்கத்தில் நின்ற பேரனிடம், "இவங்கதான்டா எம் பேர்ல படிச்ச அக்கா" என்று சிரித்துக்கொண்டே என்னை அறிமுகம் செய்தாள். நலம் விசாரித்தோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். சுலோச்சனா டீச்சர் நல்லா இருந்தாங்களா என்று அவளே கேட்டாள். பிறகு என் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேங்கா. தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு நான்தான் வந்துட்டேனே. நீ பின்னாடி வாசல்ல எய்ந்து உங் கிளாசுக்குப் போயிருந்தா, அவங்க கேட்ட நாப்பது பேரு சரியா இருந்திருக்குமே?"

ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இது ஒரு நாளும் என் புத்திக்கு எட்டியதில்லை.

"ஆமாண்டி, போயிருக்கலாம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அட, இன்னாக்கா நீ, கேக்கணும்னு தோணுச்சி, கேட்டேன்" என்று என் முந்தானையை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, பேரனைப் பிடித்துக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.