பரவாயில்லை அண்ணனின் வலி

கணவரை இழந்த ஒரு பெண், அவருடைய சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி சலவைக் கடைக்கு வந்தாள். துவைக்க வேண்டாம், இஸ்திரி மட்டும் போட்டால் போதும் என்றாள். ஏன் என்று இஸ்திரிக்காரர் கேட்கவில்லை. பிறகு அதை மடிக்க எடுத்த மடிப்பு அக்காதான் கவனித்தாள். கை, முன்பக்கம், முதுகு எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. கழுத்துப் பக்கம் மட்டும் இஸ்திரிப் பெட்டி படவே இல்லை. சூடு பட்டால் இறந்துபோன கணவரின் வாசனை போய்விடுமே.

காலரை விட்டுவிட்டீர்களே என்று அக்கா கேட்டதற்கு, "அங்க சுருக்கமே இல்லம்மா" என்று அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். ஆனால் அங்கே சுருக்கம் அவ்வளவு இருந்தது.

இல்லை என்று சொல்வதில் அவர் அப்படிக் கெட்டிக்காரர். டீ ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை, மழையில் தொப்பலாக நனைந்து வந்தாலும் பரவாயில்லை. கடையில் அவருக்குப் பெயரே பரவாயில்லை அண்ணன் என்றாகிவிட்டது.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருக்கு இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தன. எரிச்சல் மட்டும் உள்ளேயே குடியிருந்துவிட்டது. துணி லேசாக உரசினால் போதும், உயிர் போய் வரும். துணியை நம்பிப் பிழைத்தவருக்குத் துணியே பகையாகிவிட்டது. தையல் விளிம்பு மேலே படாமலிருக்கப் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஊர்ச் சட்டையெல்லாம் நேராக்குறவரு, தன் பனியனைத் திருப்பிப் போட்டுக்கிட்டு நிக்குறாரு பாருங்க" என்று துணிமூட்டை கொண்டுவரும் வண்டிக்காரர் கேலி செய்வார். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. மூன்று முறை போனார். வலி பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ரெண்டு என்றார். வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெரிய எண்ணைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆண்டவன் கை கால் கொடுத்திருக்கிறான், அவனிடமே போய்க் குறை படிப்பதா என்பது அவர் எண்ணம். ரெண்டுக்கு என்ன மாத்திரையோ அதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் வலி மின்னல் மாதிரி வெட்டியதில் பெட்டியை அப்படியே துணிமேல் விட்டுவிட்டார். மாப்பிள்ளைச் சட்டை ஒன்றின் முதுகு கருகிப்போனது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கையால் கருகிய முதல் துணி. முதலாளியம்மா திட்டவில்லை. இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மெல்லச் சொன்னார். அதைக் கேட்ட அக்கா, கருகிய சட்டையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். பெட்டி பிடிக்காமல் அந்த மனிதர் என்ன ஆவார்?

பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருப்பதைச் சொன்னவர், கேலி செய்த அதே வண்டிக்காரர்தான். அன்று சாயங்காலமே இஸ்திரிக்காரரின் மனைவி வந்து, "நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க கூடப் போங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கேயும் நர்ஸம்மா அதே கேள்வியைக் கேட்டார். இவரும் ரெண்டுதாம்மா என்றார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மேசைமேல் கிடந்த தாளை இழுத்து, இஸ்திரிப் பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை வரைந்தாள். வட்டத்தைச் சுற்றி, சூடு ஏறுகிற வரிசையில் பட்டு, கம்பளி, காட்டன், லினன் என்று கோணல்மாணலாக எழுதினாள்.

"எண்ணை விடுங்கண்ணே. இதுல எங்க நிக்குது? கை வச்சுக் காட்டுங்க."

சூட்டைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது. விரல் பட்டைத் தாண்டியது. காட்டனைத் தாண்டியது. லினனில் சற்று நின்று, அதையும் தாண்டி வெறும் தாளில் போய் நின்றது.

"இதுக்கு மேல துணி கிடையாதும்மா," என்றார். "எரியறதுதான்."

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். பதினான்கு மாதம் என்றார் இஸ்திரிக்காரர். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவரே பேசினார். அவ்வளவு பேச்சை அக்கா அவரிடம் அதுவரை கேட்டதே இல்லை. ஆண்டவனே, இவரை வாய் திறக்க வைத்தாயே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

நரம்புக்கான மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். விலாவை மரத்துப்போக வைக்கும் மருந்துப் பிளாஸ்திரியை எப்படி ஒட்டுவது என்று காட்டிக் கொடுத்தார்கள். முழுக்கப் போகாது, ஆனால் அடங்கும் என்று டாக்டர் உள்ளதைச் சொன்னார். அப்படியேதான் அடங்கியது. காலையில் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி, முதலாளியம்மா உயரமான முக்காலி ஒன்றை வாங்கிப் போட்டார். அதில் உட்கார்ந்து இன்னும் ஒன்பது வருடம் பெட்டி பிடித்தார் அந்த மனிதர். நரம்பு வலிக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டத்துக்கும் தவறாமல் போனார். யார் புதிதாக வந்து வாயைத் திறக்காமல் மூலையில் இருக்கிறார்களோ, அவர்கள் பக்கத்தில் போய்த்தான் உட்காருவாராம்.

மகன் வீட்டோடு போய்விட அக்கா கிளம்பிய நாளில், பஸ் நிறுத்தம் வரை வழியனுப்ப வந்தார். இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அன்றுதான். பையைத் தூக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை அண்ணே என்றாள். அவர் விடவில்லை. பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் அவளுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"பஸ் வர இன்னும் நேரம் இருக்கு. எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, எப்போலேருந்து? முழுசாச் சொல்லும்மா."