சோடா மருந்துக்கடையின் நிலவறை

பிராங்பேர்ட்டில் எந்த விருந்துக்குப் போனாலும் மேசைக்கு முதலில் வருவது வாயுத் தண்ணீர்ப் போத்தல்தான். போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டிலும் அப்படித்தான். யாரோ மூடியைத் திருக, "ஸ்ஸ்" என்று அது சீறியது. நான் கதிரையோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மச்சாள் சிரித்தாள்.

"முப்பது வருசமா இஞ்ச இருக்கிறியள், இன்னும் உந்தத் தண்ணிக்குப் பயமோ?"

"ஓம்" என்றேன். பகிடி என்று நினைத்துக்கொண்டாள். உங்களுக்கென்றால் உண்மையைச் சொல்லலாம்.

ஜெர்மனிக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு மருந்துக்கடையில். பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம், மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். தரை கூட்டுவது, கண்ணாடிக் குவளைகள் கழுவுவது என் பொறுப்பு. மருந்துக்கடையில் என்ன குவளை என்று கேட்பீர்கள். அந்த ஊரின் அடியில் நிலமே சோடா தயாரித்துக்கொண்டிருந்தது. கடைக்காரி ஃப்ராவ் வென்ட்டின் பாட்டனார் நிலவறையில் இருந்த ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, கடைக்குள் பளிங்கு மேசை போட்டு, அதில் மூன்று பித்தளைக் குழாய்களை நிறுத்தியிருந்தார். காலை பத்து மணிக்கு மருந்துச் சீட்டோடு வரும் வயதானவர்கள் உயரமான முக்காலிகளில் ஏறி, ராஸ்பெரிச் சீனிப்பாணி கலந்த சோடா குடித்தபடி ஒருவருக்கொருவர் நோய்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கற்பூரமும் சீரகத் தைலமும் ராஸ்பெரியும் கலந்த அந்த வாசனையை நான் பிறகு எங்குமே முகரவில்லை. அந்த மேசைக்கு முன்னால் நின்று படம் எடுத்து மன்னாருக்கு அனுப்பினேன். "மருந்துக்கடை எண்டு சொல்லிப்போட்டு சாராயக் கடையிலயோ நிக்கிறாய்?" என்று அம்மா கடிதம் போட்டார்.

குழாய்கள் யாரும் தொடாமலே சிலவேளை செருமும். மழைக்கு முதல் நாட்களில் அது அதிகம். அப்போது ஃப்ராவ் வென்ட் தலை நிமிராமல், "இன்றைக்குக் கீழே போகவேண்டாம்" என்பார். மற்ற நாட்களில் பாணிப் போத்தல் எடுக்க நிலவறைக்கு இறங்குவதென்றால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டுதான் இறங்குவார். கீழே மின்விளக்கு இருந்தது. இருந்தும் திரியை முழங்காலளவுக்குத் தாழ்த்திப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போவார். கீழே யாரையோ அடக்கம் செய்திருக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். கதவடியில் நின்று அவருக்காகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். ஏன் திரி என்று ஒருநாள் கேட்டபோது, "கீழே கெட்ட காற்று" என்றார். என்னுடைய அரைகுறை ஜெர்மனில் அது விளங்கியது. ஆனால் கெட்ட காற்று என்றால் எங்கள் ஊரில் வேறு பொருள் அல்லவா? அதனால் இன்னும் இரண்டு சிலுவை போட்டேன்.

ஒரு நவம்பர் முற்பகல். வானம் இருட்டிக் கிடந்தது. பாணி முடிந்துவிட்டது. ஃப்ராவ் வென்ட் தொலைபேசியில் யாருக்கோ சந்திப்பு நேரம் மாற்றிக்கொண்டிருந்தார். நானே திரியைக் கொளுத்திக்கொண்டு இறங்கினேன். ஏழாம் படியில் திரி அணைந்தது. காற்று வீசவில்லை. தீக்குச்சி உரசினேன், அதுவும் பொறி தட்டிவிட்டு அணைந்தது. மூக்கில் புளிப்பாக ஏதோ குத்தியது. கால்கள் வெதுவெதுப்பாக இருந்தன. அப்போதுதான் கேட்டது.

"சின்னக்குஞ்சு, இறங்கி வாவன்."

அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒரேயொருவர், என் அண்ணன். நான் ஜெர்மனிக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பு மன்னாரிலிருந்து படகேறி இந்தியாவுக்குப் புறப்பட்டவர். படகும் கரை சேரவில்லை, ஆட்களும் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பங்குச் சுவாமியார் இறந்தோர் பூசை வைப்போம் என்று கேட்டபோது அம்மா மறுத்துவிட்டார். "பிள்ளையின்ர உடம்பைக் காட்டுங்கோ, பிறகு வைக்கிறன்."

நான் இறங்கினேன். பயம் துளியும் இருக்கவில்லை. எத்தனை படி என்று தெரியாது. பின்னலில் யாரோ பிடித்து இழுத்ததும், முழங்கால்கள் படிகளில் இடிபட்டதும்தான் அடுத்த நினைவு.

கண் விழித்தபோது கடை வாசலில், வெளிக் குளிரில் கிடந்தேன். ஃப்ராவ் வென்ட் மூச்சு வாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"யார் கூப்பிட்டது?"

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

"அண்ணன்" என்றேன். "கடலில் காணாமல் போனவர்."

அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார். "அது ஊற்றிலிருந்து வரும் வாயு. கீழே தேங்கி நிற்கும், திரியை அணைக்கும், மூளையை மயக்கும். எனக்கு எட்டு வயதில் அந்தப் படியில் என் அப்பா கூப்பிட்டார். நானும் இறங்கினேன். அந்த நேரம் அப்பா மேலே கடையில் சோடா ஊற்றிக்கொண்டு நின்றார்."

அந்த ஞாயிறு தொலைபேசி நிலையத்துக்கு அம்மாவை வரவழைத்துப் பேசினேன். சொல்வதா விடுவதா என்று நாலு நாள் நித்திரை இல்லை. செத்தவர்கள்தான் கூப்பிடுவார்கள் என்று அம்மா எடுத்துக்கொண்டால் அவருடைய காத்திருப்பை நானே முடித்துவைத்தவளாவேன். ஃப்ராவ் வென்ட்டின் அப்பாவைப் போல உயிரோடு இருப்பவர்களும் கூப்பிடுவார்கள் என்பதை அழுத்திச் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவில் அம்மா கேட்டார்.

"எங்க கூப்பிட்டவன்? மேலயோ கீழயோ?"

"கீழ, அம்மா."

"அப்ப அது அவன் இல்லை. என்ர பிள்ளை உன்னைப் பள்ளத்துக்குக் கூப்பிடமாட்டான். நீ அந்தப் பக்கம் போகாத."

அம்மா அழவில்லை. பூசையும் வைக்கவில்லை. கடைசிவரை அவருடைய சாப்பாட்டு மேசையில் அண்ணனின் கோப்பை கழுவிக் கவிழ்த்தபடி இருந்ததாகச் சித்தி சொன்னார்.

நான் மட்டும் அம்மாவின் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த வருடம் முழுவதும், ஃப்ராவ் வென்ட் அசந்த நேரங்களில், ஆறாம் படிவரை இறங்கி நிற்பேன். ஏழாம் படியில் கால் வைக்கமாட்டேன். அந்த அளவுக்குத்தான் எனக்குப் புத்தியும், அந்த அளவுக்குத்தான் துணிச்சலும். பிறகு கலியாணமாகி பிராங்பேர்ட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறந்தநாள் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் அந்த ஊருக்கு ரயிலேறினேன். ஃப்ராவ் வென்ட் எப்போதோ காலமாகிவிட்டார். மருந்துக்கடை இருந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. பளிங்கு மேசையும் இல்லை, குழாய்களும் இல்லை, அந்த வாசனையும் இல்லை. நிலவறைக் கதவு இருந்த இடத்தில் வழுவழுப்பான வெள்ளைச் சுவர்.

"ஆபத்து என்று நகரசபை சொன்னது" என்றார் அங்கிருந்த இளைஞர். "அடிவரை கொங்கிறீட் ஊற்றி நிரப்பிவிட்டோம். ஊற்றுக்கும் வேறு வழி வெட்டிவிட்டார்கள்."

நல்லதுதான் என்றேன். உண்மையிலேயே நல்லதுதான். அவர் வேறு வாடிக்கையாளரிடம் போனதும் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அது அண்ணன்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் இனி என்னைச் சின்னக்குஞ்சு என்று கூப்பிட இந்த உலகத்தில் ஓர் இடமும் மிச்சமில்லை.