எந்தக் கால் முன்னால்?

மருத்துவமனையில் அவளை எல்லோரும் 'டிரைவரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கும், அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது அவள் வேலை. ஏழு வருடம் தள்ளியதில், உருளும் சத்தத்தை வைத்தே எந்த வண்டி வருகிறதென்று சொல்லிவிடுவாள். அதனால் மகளுக்கு ஸ்கேட்போர்டு வாங்கக் கடைக்குள் நுழைந்தபோது பெரிய பயமொன்றும் இல்லை. சக்கரம் வைத்த சாமான்தானே!

மகள் ஐந்து வயதிலிருந்து வேறு ஊரில், பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். அவளைப் போய்ப் பார்க்க வருடத்துக்கு ஒரு நீண்ட விடுப்பு. இந்த வருடம் ஆள் பற்றாக்குறையால் அதுவும் தள்ளிப்போய்விட்டது. போனில் தினமும் பேச்சு உண்டு. "சாப்பிட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம். இந்தா, பெரியம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான்.

போன வாரம் அக்காதான் சொன்னாள்: "பக்கத்து வீட்டுப் பொண்ணோட ஸ்கேட்போர்டை இரவல் வாங்கி ஓட்டி, முட்டியெல்லாம் தேய்ச்சுக்கறாடி."

யாரையும் கேட்காமல், தானே பார்த்துச் சரியானதை அனுப்ப வேண்டும் என்று அப்போதே நினைத்துவிட்டாள். பெட்டியைப் பிரித்ததும், 'அம்மாவுக்கு என்னைத் தெரியும்' என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும்.

ஒரு போர்டைக் கவிழ்த்துச் சக்கரத்தை நகத்தால் அழுத்தினாள். "கல்லு மாதிரி இருக்கே. ரோட்டுல போனா பல்லு ஆடிடும். கொஞ்சம் மெத்துன்னு காட்டும்மா."

கடைப்பெண் சிரித்தாள். "நீங்க ஓட்டுவீங்களா ஆன்ட்டி?"

"ஆளையே படுக்க வச்சு ஓட்டறவம்மா நான்."

மஞ்சள் ஆந்தை படம் போட்ட ஒன்று கிடைத்தது. சக்கரமும் அவள் கேட்ட மாதிரியே. எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஷூ சைஸ் என்ன? அதை வச்சுத்தான் பலகையோட அகலம் பாக்கணும்."

"ரெண்டு," என்றாள் பட்டென்று. அவளே வாங்கிக்கொடுத்த ஷூ. வாங்கிப் பதினாலு மாதம் ஆகிவிட்டது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அக்காவுக்கு போன் போட்டாள். எடுத்தது மகள்.

"பெரியம்மா குளிக்கறாங்க. என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. உன் ஷூ சைஸ் என்ன?"

"அஞ்சு."

"அஞ்சா?"

"பெரியம்மா செருப்பையே போட்டுக்கறேன் இப்பல்லாம். ஏன் கேக்கற?"

ரெண்டிலிருந்து அஞ்சு. நடுவில் எத்தனை முறை கட்டைவிரல் இடித்து, "ஷூ கடிக்குது" என்று யாரிடமோ சிணுங்கியிருப்பாள். ஆந்தையை அதன் அலமாரியில் திரும்ப வைத்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கடையில நிக்கறேன். உனக்கு ஸ்கேட்போர்டு வாங்கலாம்னு..."

மகள் மடை திறந்த மாதிரி கொட்டினாள். "அம்மா, படம் கிடமெல்லாம் வேணாம், கறுப்பா இருக்கட்டும்! ரெண்டு முனையும் தூக்கி இருக்கணும். சக்கரம் சின்னதா..."

"சின்னச் சக்கரம் கல்லு தட்டினா கவுத்துடும்டி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் பொழப்பே அதுதானே!"

அரை மணி நேரம் போனது. எந்தத் தெருவில் ஓட்டுகிறாள், எந்தத் திருப்பத்தில் விழுந்தாள், எல்லாம் வந்தது. மகளின் குரல் முன்னைவிடச் சற்றுக் கனத்திருந்தது. கேட்கக் கேட்க அவளுக்குப் போதவில்லை.

"அம்மா, உனக்கு எந்தக் கால் முன்னாடி?"

"அப்படின்னா?"

"காலைச் சேத்து வச்சு நிக்கணும். பின்னாலேர்ந்து யாராவது லேசா தள்ளுவாங்க. தானா எது முன்னாடி போகுதோ அதான். எனக்கு இடது, பெரியம்மாவுக்கு வலது. உனக்குத்தான் தெரியல."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அது காதில் விழ, கடைப்பெண் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளட்டுமா ஆன்ட்டி?"

அவள் சட்டென்று விலகிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். "வேணாம்மா, வேணாம்." போனில் சொன்னாள்: "நீயே தள்ளிப் பாரு. லீவு கேட்டிருக்கேன்."

"எப்ப?"

"மூணு மாசம் ஆகும்."

"சரி. அதுவரைக்கும் யாரும் உன்னைத் தள்ளக் கூடாது."

கறுப்பு ஸ்கேட்போர்டை மகளுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கூட்டம் பிதுங்கிய பேருந்தில் முதுகைக் கம்பியோடு அழுத்திக்கொண்டு நின்றபடியே வீடு வந்து சேர்ந்தாள்.