இஞ்சினியரின் கேம்பரும் கழன்ற கதவுகளும்

லிபெர்த்தா என்கிற வசதியான வீதியில் நான் வேலை செய்கிற வீட்டு ஐயா ஓய்வுபெற்ற இஞ்சினியர். பாலங்கள் கட்டினவர். அவருடைய மனைவிக்கு, இத்தாலிய வழக்கில் நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற அம்மாவுக்கு, முழங்கால் ஏலாது. அவவைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும்தான் என்னை வைத்திருந்தார்கள்.

போன வசந்தத்தில் இஞ்சினியர் ஒரு பழைய கேம்பர் வாங்கினார். கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உள்ளேயே இருக்கிற, சில்லுப் பூட்டின வீடு. வயதில் என்னைவிட மூத்தது. கோடைக்கு மூன்று பேரும் கலாப்ரியாக் கடற்கரைக்குப் போவோம் என்றார்.

"உனக்கும் விடுமுறைதான்," என்று என்னிடம் சொன்னார்.

வீட்டில் நாலு அடுப்பில் செய்கிற வேலையை இரண்டு அடுப்பில் குனிந்து நின்று செய்தால் அதற்குப் பெயர் விடுமுறை என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஓட்டிப் பார்க்க முதலில் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் புறப்பட்டோம். ஒரு வளைவில் என் தலைக்கு மேலிருந்த அலுமாரிக் கதவு கழன்று மடியில் விழுந்தது. பின்னாலேயே தட்டுகளும் வந்தன. அடுத்த கதவு என்னைத் தவறவிட்டுத் தரையில் விழுந்தது.

"வந்துவிட்டோமா?" என்று சிஞ்ஞோரா கேட்டா.

"ரோட்டு சரியில்லை," என்றார் இஞ்சினியர்.

நான் கதவைத் திருப்பிப் பார்த்தேன். அலுமாரிப் பலகை பிஸ்கட் மாதிரி மெல்லிசு. அதற்குள் சின்னப் பித்தளை நட்டுகளைப் பதித்து, அவற்றில்தான் கதவுப் பிணைச்சலின் திருகாணிகளை முடுக்கியிருந்தார்கள். இத்தனை வருடக் குலுக்கலில் நட்டைச் சுற்றியிருந்த மரம் மாவாகியிருந்தது. ஆணியை முடுக்கினால் நட்டும் சேர்ந்து சுற்றியது. அதை இஞ்சினியரிடம் சொன்னேன்.

"நீ தட்டுகளைப் பொறுக்கு," என்றார். "ஆணி என் பொறுப்பு."

ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தப் பொறுப்பு நடந்தது. படம் கீறினார், இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டார். கடைசியில் பல்லுக் குத்துகிற குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டைகளுக்குள் செருகினார். அடுத்த ஓட்டத்தில் எங்கள் தெருமுனையே தாண்டவில்லை. இந்த முறை கதவுகள் தனியே வரவில்லை, அலுமாரியின் ஒரு பக்கத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தன. இஞ்சினியர் எல்லாவற்றையும் திரும்பவும் பசை பூசி ஒட்டிவைத்தார்.

"உமக்குத் தெரிஞ்ச வேலைதானே," என்றார் என்ரை மனுசன், நான் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது. "ஏன் கதைக்காமல் இருந்தனீர்?"

"கதைச்சனான். தட்டுப் பொறுக்கச் சொன்னவர்."

வன்னியில் சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு, ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குத் தச்சுவேலை பழக்கியது. ஆறு மாதம் பழகினேன். சான்றிதழும் தந்தார்கள். அதைக் கொண்டுபோய் ஊரிலேயே ஒரு தளபாடக் கடையில் காட்டினேன். முதலாளி இரண்டு பக்கமும் ஆறுதலாக வாசித்துவிட்டு, தேத்தண்ணி போடத் தெரியுமா என்று கேட்டார்.

வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கம் ஒரு ஆணிக்கடைக்குப் போய், வெளிப்பக்கம் தடித்த திருகுப்புரியுள்ள பித்தளை நட்டுக் கேட்டேன்.

"கணவர் எந்த அளவு வாங்கிவரச் சொன்னார்?" என்றா கடைக்காரி.

"அவருக்கு இதெல்லாம் தெரியாது," என்றேன். அதன்பிறகு அளவுப்பெட்டி முழுவதையும் என் முன்னால் வைத்தா.

இஞ்சினியர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் படுப்பார். அந்த நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். சிஞ்ஞோரா கேம்பர் வாசலில் கதிரை போட்டு, ஊன்றுதடியோடு காவல் இருந்தா. இஞ்சினியரின் துளைக்கிற மெசின் கடையில் வாங்கின பெட்டிக்குள் உறை கிழியாமல் இருந்தது. உதிர்ந்த மரத்தைச் சுரண்டி, ஓட்டைகளைப் பெருப்பித்து, உருளைத் தடியில் அரிந்த துண்டுகளைப் பசையோடு இறுக்கி அடைத்தேன். பலகை மெல்லிசு என்றபடியால் பின்பக்கம் மரச்சட்டமும் ஒட்டினேன். அடுத்தநாள், காய்ந்தபிறகு, அளவாகத் துளைத்து, புரியில் கொஞ்சம் சவர்க்காரம் பூசி, புது நட்டுகளை மெதுவாகத் திருகி இறக்கினேன். கடைசி நட்டு இறுகியபோது கையில் அந்த இறுக்கம் தெரிந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி புறப்பட்டோம். வளைவுகளில் ஒன்றும் விழவில்லை.

"பார்த்தீர்களா," என்றார் இஞ்சினியர். "பசை காய நேரம் கொடுக்கவேண்டும்."

"உன் பசை குப்பையில் கிடக்கிறது," என்றா சிஞ்ஞோரா. "செய்தது இவள்."

பகேரியா வந்ததும் அவர் கேம்பரை ஓரமாக நிறுத்தினார். பின்னால் வந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து ஆட்டிப் பார்த்தார்.

"பின்னால் சட்டம் ஏன்?" என்று கேட்டார்.

சொன்னேன். நாலு வருடத்தில் முதல்தடவையாக, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கத் தட்டுகளை அடுக்கினேன்.

கலாப்ரியாவுக்கும் போனோம். நான் சமைத்தேன், அவர் கோப்பை கழுவினார். அவர் கழுவினதை நான் பிறகு கழுவினேன். பக்கத்தில் நின்ற பழைய கேம்பரில் அலுமாரிக் கதவுகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இஞ்சினியர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

"இவள் என் மாணவி," என்று அறிமுகப்படுத்தினார்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். விளக்கை அவர் கையில் கொடுத்து, ஆடாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.