கீதா போட்ட சிவப்பு

கோட்டைக்குப்பத்தில் கீதாவைக் கேட்காமல் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். அவளுக்கோ நீச்சல்கூட அரைகுறை. மீனவர் சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வானிலை அறிவிப்பு வந்ததும் அதில் பச்சையோ சிவப்போ போடுவாள். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் படகு கரையில். அவள் நைனா என்றழைக்கும் அப்பா வரதன் இதற்காகவே போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார்.

கீதாவுக்கு இளகிய மனசு. போன மழையில் வலை கிழிந்தவர்கள், நிவாரணத்துக்காக அதைப் படம் எடுத்துத் தளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு லோகநாயகியின் பழைய போனில் எடுத்த படத்தைத் தளம் வாங்கவே இல்லை. அந்த அம்மாள் கீதாவின் எதிரில் உட்கார்ந்து அழுதே விட்டாள். தளத்தைச் செய்து கொடுத்த ஹேமந்தைக் கீதா போனில் பிடித்தாள்.

"இன்னாடா, எங்க ஜனங்க போட்டோன்னா உன் தளம் மூஞ்சி சுளிக்குது? எது வந்தாலும் வாங்கிக்கிற மாதிரி பண்ணுடா."

"அக்கா, போட்டோவைத் தவிர வேற எதுவும் உள்ள வந்துடக்கூடாதுனு ஒரு காவலுக்குத்தான்..."

"காவலும் வேணா, ஒண்ணும் வேணா. எடுத்துடு."

எடுத்துவிட்டான். அவனும் அந்த ஊர்ப் பிள்ளைதானே, அக்கா பேச்சைத் தட்டுவானா? லோகநாயகியின் படம் ஏறியது. ஊரே கீதாவை மெச்சியது. பின்னொரு நாள் அதே வழியில் வேறொன்றும் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு விடியலில் காற்று எச்சரிக்கை வந்தது. கீதா சிவப்பு போட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனாள். வெயில் ஏறும் நேரத்தில் லோகநாயகி ஓடி வந்தாள்.

"இன்னாம்மா, காத்து இந்தப் போடு போடுது, நீ பச்சை போட்டுகீறே?"

கீதா அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பச்சை. தேதி நேற்றையது. மறுபடி சிவப்பு போட்டாள். பதிவானது என்றுதான் வந்தது, பக்கம் மட்டும் மாறவில்லை. வரதன் எப்போதும் படகோரம் படுத்து, போனைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கிளம்பிவிடுகிறவர்.

கீதா கூப்பிட, ஹேமந்த் தளத்துக்குள் புகுந்து பார்த்துவிட்டுப் பேசினான். அவன் குரலே சரியில்லை.

"அக்கா, போட்டோ ஏத்துற இடத்துல எவனோ ஒரு புரோகிராமை ஏத்திட்டான். நம்ம தளம் அதையும் வாங்கி ஓட வுட்டுடுச்சு. நமக்குச் சந்தேகம் வரக்கூடாதுனு நேத்து பக்கத்தையே காட்டிக்கினு, பின்னால சூதாட்ட விளம்பரம் ஓட்டறான்."

"நைனா கடல்ல கீறாருடா."

போனை வைத்துவிட்டு முகத்துவாரத்துக்கு ஓடினாள்.

அந்த எவனோவுக்குக் கோட்டைக்குப்பம் இருப்பதே தெரியாது. அதுதான் கீதாவை இன்னும் நடுங்க வைத்தது. பகையாளி என்றால் காலிலாவது விழலாம்.

முகத்துவாரத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். கடலில் இருந்த எந்தப் போனும் எடுபடவில்லை. அலை ஆளுயரத்துக்கு எழுந்தது. படகுகள் ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறி உள்ளே வந்தன. ஒவ்வொன்றும் வேறு யார் வீட்டுப் படகாகவோ இருந்தது. கீதா யார் முகத்தையும் பார்க்கவில்லை. நைனாவை நானே கொன்றுவிட்டேன் என்றே நினைத்துவிட்டாள்.

கடைசிப் படகில் வரதனைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் படகு கவிழ்ந்து போயிருந்தது. உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேகத்தைப் பாத்தேம்மா, மனசு ஒப்பல. அப்புறம் போனைப் பாத்தேன். எம் பொண்ணே பச்சை போட்டுகீறாளேனு எறங்கிட்டேன்."

நான் போடவில்லை நைனா என்று சொல்ல வாயெடுத்தாள். காவலை எடுக்கச் சொன்னதே தான்தான் என்பது நினைவுக்கு வர, முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

ஹேமந்த் அந்தப் புரோகிராமை அழித்து, தளத்தைப் புதிதாக நிறுவி, பழைய காவலையும் போட்டுவிட்டான். வரதன் உடம்பு தேறி, இரவல் படகு ஒன்றைப் பிடித்தார். கிளம்பும்போது போனை அவளிடம் நீட்டினார். அவர் கண்ணில் துளி சந்தேகமில்லை.

"இன்னாம்மா, போலாமா?"

கீதா அவர் போனைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள், வானிலை அறிவிப்பையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டு போனிலும் பச்சை, அறிவிப்பிலும் எச்சரிக்கை எதுவும் இல்லை. போ நைனா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.